ஐந்தாவது பிறந்தநாளுக்கு மேஸ்திரி வந்தார்

மடிப்பாக்கத்திலிருந்து, ஐந்து வயது மகனின் தாய்:

என் மகனுக்குக் கடந்த மாசி மாதத்தில் ஐந்து வயது நிறைந்தது. மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் வரை அமையும் மெட்ரோ ரயிலின் ஐந்தாம் வழித்தடம் எங்கள் பகுதியின் வழியே செல்வதால், அவன் பள்ளிக்குப் போகும் பாதையில் தூண்களும் கிரேன்களும் கான்கிரீட் வண்டிகளும் இல்லாத நாளை அவன் பார்த்ததே இல்லை. மற்ற பிள்ளைகள் கார் என்றும் பஸ் என்றும் சொல்லப் பழகும் வயதில் இவன் ‘பொக்லைன்’ என்று சொல்லப் பழகினான். ஆகவே பிறந்தநாளை எப்படிக் கொண்டாடலாம் என்று கேட்டபோது, “வீடு கட்டணும்” என்று அவன் சொன்னதில் எங்களுக்கு வியப்பில்லை. இதே எண்ணத்தில் இருக்கும் பெற்றோருக்குப் பயன்படக்கூடும் என்பதால் நாங்கள் செய்ததை விரிவாக எழுதுகிறேன். உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

முதலில் விழா ஏற்பாடு செய்து தருபவர் ஒருவரிடம் விசாரித்தோம். பின்னணித் திரை, பலூன் வளைவு, மஞ்சளும் கறுப்புமான பட்டைகள், கேக் மேசை அலங்காரம் எல்லாம் சேர்த்து 28,000 ரூபாய் என்றார். பிள்ளைகள் செய்வதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டேன். திரைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு வேலையின் மீதுதான் ஆசை. தோண்டவும் சுமக்கவும் அடுக்கவும் வேண்டும் என்றுதான் அவர்களுடைய கை துடிக்கிறது. படத்தில் அழகாக இருக்கும் விழாவுக்குப் பணத்தைச் செலவழிப்பதைவிட, கைக்கு வேலை தரும் பொருள்களுக்குச் செலவழிப்போம் என்று அன்றே முடிவு செய்தோம்.

எங்கள் பக்கத்து மனையில் மூன்று மாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. அங்குள்ள மேஸ்திரி திண்டிவனம் பக்கத்திலிருந்து வந்து இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சென்னையில் வேலை செய்பவர். ஒரு நாள் காலையில், பிள்ளைகள் கையில் எதைக் கொடுத்தால் சுவர் எழுப்புவார்கள் என்று அவரிடம் தயக்கத்துடன் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, சிறிது யோசித்துவிட்டு, “ஒரே அளவு அட்டைப்பெட்டியாப் பாத்துச் சேத்து வைங்கம்மா. புள்ளைங்க தானாக் கட்டுவாங்க. நான் வந்து நூல் மட்டும் புடிச்சுக் குடுக்குறேன்” என்றார். அந்த ஒரு சொல்லிலிருந்துதான் எங்கள் விழா உருவாயிற்று.

ஒரே அளவு என்று அவர் சொன்னதன் அருமை பிறகுதான் விளங்கியது. செங்கல் ஏறத்தாழ ஒன்பது அங்குல நீளமும் நாலரை அங்குல அகலமும் கொண்டது. குறுக்கே வைத்த இரண்டு கற்கள் நெடுக்கே வைத்த ஒரு கல்லுக்குச் சமமாவதால்தான் சுவரை எந்தப் பக்கமும் திருப்பிக் கட்ட முடிகிறது. செருப்புக் கடை ஒன்றில் சொல்லிவைத்து, மூன்று வாரத்தில் ஒரே அளவுப் பெட்டிகள் தொண்ணூறு சேர்த்தோம். மூடிகளை ஒட்டி, செங்காவி நிறம் பூசி உலர வைத்தோம்.

மண்ணுக்கு என்ன செய்வது என்பதுதான் பெரிய கேள்வியாக இருந்தது. ஈரச் சிமெண்டின் காரம் தோலைப் புண்ணாக்கும் என்பதால் அதைப் பற்றி நினைக்கவே இல்லை. பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் மணலில் உள்ள நுண்துகள் பிள்ளைகளின் மூச்சுக்குள் போவதையும் நான் விரும்பவில்லை. இணையத்தில் பலர் ரவையையும் அரிசியையும் கொட்டி விளையாட விடுகிறார்கள். தானியத்தைக் காலில் மிதிக்கக் கூடாது என்று என் மாமியார் சொன்னார், எனக்கும் அதுவே சரி என்று பட்டது. முடிவில் நாற்றுப் பண்ணையிலிருந்து தென்னைநார்க் கழிவுக் கட்டிகள் இரண்டு வாங்கி முதல் நாள் இரவே நீரில் ஊறவைத்தோம். அது பல மடங்கு பெருகி, செம்மண்ணைப் போலவே பொலபொலவென்று உதிர்ந்தது. விழா முடிந்தபின் அதைச் செடித் தொட்டிகளில் போட்டுவிட்டோம்.

மொட்டை மாடியைத் தவிர்த்து, குடியிருப்போர் சங்கத்தின் அனுமதியுடன் கீழ்த்தளத்துக் கார் நிறுத்துமிடத்தை ஞாயிற்றுக்கிழமை மாலை 4:30 முதல் 6:30 வரை பயன்படுத்தினோம். பன்னிரண்டு பிள்ளைகள் வந்தார்கள். பாரிமுனையில் வாங்கிய மஞ்சள் விளையாட்டுத் தொப்பியும், ஒளிரும் பட்டை தைத்த துணிச்சட்டையும், பெயரும் தொழிலும் எழுதிய அட்டையும் ஒவ்வொருவருக்கும் கொடுத்தோம்: கொத்தனார், தச்சர், கம்பி கட்டுபவர், பொறியாளர், எலெக்ட்ரீஷியன். சித்தாள் என்று தனி அட்டை எழுதவில்லை. நம் ஊர் வேலையிடங்களில் சுமை தூக்கும் வேலை பெரும்பாலும் பெண்கள் தலையிலேயே விழுகிறது. பிள்ளைகளின் விளையாட்டிலாவது எல்லோரும் சட்டி சுமக்கட்டும் என்று நினைத்தேன்.

மேஸ்திரி வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக, செங்குத்துப் பார்க்கும் தூக்குக்குண்டு, கிடைமட்டம் பார்க்கும் ரசமட்டம், நூல்கண்டு ஆகியவற்றை ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்தார். முதலில் தரையில் கோலமாவால் கோடு போட்டார். ஒரு மூலையிலிருந்து மூன்றடி, மறுபக்கம் நான்கடி அளந்து, குறுக்கே ஐந்தடி வந்தால் மூலை சரியாக இருக்கிறது என்று பொருள். டேப்பில் ஐந்து என்ற எண் வந்ததும் என் மகன், “என் வயசு!” என்று கத்தினான். அடுத்து அவர் காட்டியது குழாய் மட்டம். கண்ணுக்குத் தெரிவதற்காக நீல மை சில சொட்டுக் கலந்த நீரை உள்ளே இருப்பது தெரியும் நீளமான ஒரு பிளாஸ்டிக் டியூபில் நிரப்பி, உள்ளே காற்றுக் குமிழி தங்காதபடி தட்டிவிட்டு, ஒரு முனையை இந்தத் தூணிலும் மறுமுனையை எதிர்த் தூணிலும் பிடிக்கச் சொன்னார். குழாய் நடுவில் எப்படி வளைந்து கிடந்தாலும் இரு முனையிலும் நீர் ஒரே உயரத்தில் வந்து நின்றது. பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, எழுந்து, குழாயைத் தூக்கி இறக்கி, இருபது நிமிடங்கள் அதை விட்டு நகரவில்லை. அதற்கு எனக்கான செலவு நாற்பது ரூபாய் டியூபும் சிறிது மையும்தான்.

பிறகு சுவர். முதல் முறை பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக நேராக அடுக்கினார்கள்; நான்காவது வரிசையில் சாய்ந்துவிட்டது. “சந்து மேல சந்து வரக்கூடாது தம்பி. கீழ ரெண்டு கல்லு சேர்ற எடத்துல மேல ஒரு கல்லு உக்காரணும்” என்று மேஸ்திரி சொல்லிக் காட்டினார். இரண்டாம் முறை சுவர் ஏழு வரிசை எழும்பி, பிள்ளைகள் உள்ளே புகுந்து நிற்கும் வீடாயிற்று.

பக்கத்து மனைக் கட்டடத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் ஏழு வயது மகள் தெருவோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை என் மகனுக்குத் தெரியும். முன்பே எங்களிடம் கேட்டு, தாயையும் மகளையும் அழைத்திருந்தான். அவள் வந்த சிறிது நேரத்தில் ஒரு துண்டை முறுக்கிச் சும்மாடு சுற்றித் தலையில் வைத்துக் காட்ட, எல்லாப் பிள்ளைகளும் அவளிடம் வரிசையில் நின்று கற்றுக்கொண்டார்கள். ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் பணிபுரியும் கட்டட வேலையிடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பக அறை வேண்டும் என்று கட்டடத் தொழிலாளர்களுக்கான 1996ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. எங்கள் தெருவில் நடப்பதைப் போன்ற சிறிய வேலைகளுக்கு அது பொருந்தியதில்லை. அவள் வளர்ந்தது மணல் குவியலுக்குப் பக்கத்தில்தான். வீட்டின் உச்சியில் திருஷ்டி பொம்மையை மாட்டும் பொறுப்பைப் பிள்ளைகளே அவளுக்குக் கொடுத்தார்கள்.

மேஸ்திரி பணம் வேண்டாம் என்றார். அவருடைய ஓய்வு நாளில் அவருடைய தொழிலைத்தான் நாங்கள் பெற்றோம் என்பதால், அரை நாள் கூலியைத் தாம்பூலத்துடன் வைத்துக் கொடுத்தோம். இதை எழுதக் காரணம், யாராவது இப்படி ஒருவரை அழைத்தால் கூலியை முன்பே பேசிவிடுங்கள் என்று கேட்டுக்கொள்வதற்காகவே.

வளசரவாக்கத்திலிருந்து, கட்டுமானப் பொறியாளராகப் பணிபுரியும் ஒரு தந்தை:

உங்கள் மேஸ்திரிக்கு என் வணக்கம். குழாய் மட்டத்தை நானும் பணியில் சேர்ந்தபின் இப்படி ஒருவரிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

பாதுகாப்பைப் பற்றி மட்டும் எழுத விரும்புகிறேன். என் மகளின் நான்காவது பிறந்தநாளையும் இதே போல் நடத்தினோம். அப்போது உறவினர் ஒருவர், உண்மையான ஜேசிபி ஒன்றை இரண்டு மணி நேர வாடகைக்கு எடுத்து வாசலில் நிறுத்தினால் பிள்ளைகள் மகிழ்வார்களே என்று அன்புடன் சொன்னார். நான் உறுதியாக மறுத்தேன். ஓட்டுநரின் இருக்கையிலிருந்து பார்த்தால் வாளிக்கு அருகிலும் பின்சக்கரத்துக்கு அருகிலும் நிற்கும் சிறு பிள்ளை கண்ணுக்கே தெரியாது. பின்புறக் கை சுழலும் வட்டத்துக்குள் பெரியவர்களையே நாங்கள் நிற்க விடுவதில்லை. அதற்குப் பதிலாக, ஒரு ஞாயிறு காலையில் நான்கு பிள்ளைகளை எங்கள் பகுதியின் ஆற்காடு சாலைக்கு அழைத்துச் சென்று, இரண்டு மெட்ரோ தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் செல்லும் ஈரடுக்குப் பாலத்தை எதிர் நடைபாதையில் நின்று காட்டினேன். மேலே ஒரு ரயில், கீழே ஒரு ரயில், அதற்கும் கீழே நம் பஸ் என்று சொன்னதும் என் மகள் நீண்ட நேரம் அண்ணாந்து பார்த்தபடி நின்றாள்.

ஜேசிபி என்பது ஜோசப் சிரில் பாம்ஃபோர்ட் என்ற ஆங்கிலேயரின் பெயரின் முதலெழுத்துகள். அவர் 1945 அக்டோபர் 23 அன்று ஒரு சிறிய வாடகைக் கொட்டகையில் தொழிலைத் தொடங்கினார். அவருடைய மகன் பிறந்ததும் அதே நாளில்தான். பொக்லைன் என்பதும் ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் பெயரே. கேக் வெட்டுவதற்கு முன் இந்தப் பிறந்தநாள் கதையைச் சொன்னேன். பிள்ளைகள் ஜேசிபிக்கும் சேர்த்து வாழ்த்துப் பாடினார்கள்.

ஒரு வருத்தமான நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும். விழாவில் பலூன் ஒன்று வெடித்து, அதன் துண்டை இரண்டு வயதுக் குழந்தை ஒன்று வாயில் போட்டுக்கொண்டது. அதன் பாட்டி பார்த்துவிட்டதால் உடனே எடுத்துவிட்டோம். மெல்லிய ரப்பர்த் துண்டு தொண்டையில் படிந்தால் மூச்சை முழுவதும் அடைத்துவிடும். அன்றிலிருந்து எங்கள் வீட்டு விழாக்களில் பலூன் இல்லை. மஞ்சள் துணித் தோரணம் கட்டுகிறோம்.

பெரம்பூரிலிருந்து, ஒரு பாட்டி:

சாப்பாட்டைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று எழுதுகிறேன். என் பேரனின் விழாவுக்குக் கேக்கைச் சிறியதாக வாங்கிக்கொண்டு, மற்றவற்றை வீட்டிலேயே செய்தேன். மைசூர்பாகைச் செங்கல் அளவில் வெட்டினேன். பொரி உருண்டை பாறைகளாயிற்று. கறுப்புக் கொண்டைக்கடலைச் சுண்டலை ஜல்லி என்று சொல்லிப் புத்தம் புதிய பொம்மை லாரிகளைக் கழுவி அவற்றில் பரிமாறினேன். நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குச் சுண்டலை நன்றாக மசித்துக் கொடுத்தேன். முழுக்கடலை அவர்களுக்கு ஆகாது. தட்டுகள் பாக்குமட்டையில். 2019 ஜனவரி முதல் பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் கோப்பையும் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டவை என்பது பலருக்கு இன்னும் நினைவில் இல்லை. வந்த பிள்ளைகளுக்கு மஞ்சப்பையில் ஒரு சிறிய மண்வெட்டியும் கீரை விதையும் போட்டுக் கொடுத்தேன். விழாவின் நிறமும் மஞ்சள்தானே.

மீண்டும் மடிப்பாக்கத்திலிருந்து:

பாட்டி, சுண்டலை மசிக்கும் யோசனையை எழுதி வைத்துக்கொண்டேன். கட்டிய வீடு என்ன ஆயிற்று என்று தனியாகக் கேட்டவர்களுக்காக இதையும் எழுதுகிறேன்.

விழாவின் முடிவில் மேஸ்திரி, கட்டிய சுவருக்கு ஏழு நாளாவது தண்ணீர் விட வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் விடியற்காலையில் என் மகன் குளியலறைக் குவளையை எடுத்துக்கொண்டு கீழே போய், அட்டைச் சுவர் முழுவதும் நீர் தெளித்திருக்கிறான். நாங்கள் இறங்கிப் போய்ப் பார்த்தபோது தெருப்பக்கச் சுவர் நனைந்து உட்கார்ந்துவிட்டது. அவன் அழாமல், அது ஏன் என்று கேட்டான். அவனை மேஸ்திரியிடம் அழைத்துச் சென்றேன். அவர் காய்ந்த செங்கல் ஒன்றை எடுத்து அவன் கையில் கொடுத்து, தண்ணீர்த் தொட்டியில் போடச் சொன்னார். கல் அடியில் போய்ப் படுத்தது. அதிலிருந்து சிறு சிறு குமிழிகள் வரிசையாக மேலே வந்துகொண்டே இருந்தன. பள்ளி வண்டி வந்து நின்று ஒலி எழுப்பும் வரை இருவரும் தொட்டியின் விளிம்பில் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.