பேருந்துத் திட்டமிடலுக்கு வெளி ஆலோசகர்கள் எதற்கு?

வழித்தடம்:
நகர நிர்வாகங்கள் பொதுப் போக்குவரத்துத் திட்டமிடலை வெளி ஆலோசனை நிறுவனங்களிடம் கொடுப்பதை நான் எதிர்க்கிறேன். டிப்போவில் இருபது வருடம் டைம்டேபிள் போட்டவருக்கு எந்த நிறுத்தத்தில் எத்தனை மணிக்குக் கூட்டம் சேரும் என்பது அத்துப்படி. அவரை ஒரு வார்த்தை கேட்பதில்லை. ஆறு மாதம் சர்வே எடுத்து அதையே அறிக்கையாகத் தருபவருக்குப் பணம் போகிறது.

நீலப்பேருந்து:
டைம்டேபிள் போடுவது வேறு, மொத்த வழித்தடங்களையும் புதிதாக வரைவது வேறு. இரண்டாவது வேலை ஒரு நகரத்துக்கு எப்போதோ ஒருமுறைதான் வரும். அதில் பழகியவர் வெளியில்தான் கிடைப்பார். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஜாரெட் வாக்கர் என்ற ஆலோசகரின் உதவியோடு, 2015 ஆகஸ்டில் பேருந்து வழித்தடங்களை ஒரே இரவில் மாற்றினார்கள். 15 நிமிடத்துக்கு ஒரு பேருந்து என்பது பல தடங்களில் வார இறுதியிலும் கிடைத்தது. உள்ளே இருப்பவர்கள் பழைய ரூட்டில் கைவைக்கத் தயங்குவார்கள். ஒவ்வொரு ரூட்டுக்கும் பின்னால் ஒரு கவுன்சிலர் இருப்பார்.

வழித்தடம்:
ஹூஸ்டனில் முக்கிய முடிவை எடுத்தது ஆலோசகர் இல்லையே. கூட்டமுள்ள இடத்தில் அடிக்கடி ஓட்டுவதா, ஆள் குறைந்த பகுதிக்கும் வண்டியை அனுப்புவதா என்று அவர் கேட்டார். பேருந்து ஓட்டும் செலவில் 80 சதவீதம் முதலாவதற்கு, 20 சதவீதம் இரண்டாவதற்கு என்று தீர்மானித்தது போக்குவரத்து வாரியம். பல நகரங்களில் ரயில் வேண்டும் என்று மேலிடத்தில் முடிவாகிவிடும். அப்புறம்தான் அதற்கேற்ற பயணிகள் கணக்கோடு ஆலோசகர் வருவார். பெரிய கட்டுமானத் திட்டங்களை ஆராயும் பென்ட் ஃபிளிவ்பியர்க் என்பவரின் குழு 2005ல் வெளியிட்ட ஆய்வில் 27 ரயில் திட்டங்களை எடுத்துப் பார்த்தார்கள். கணித்த பயணிகளில் சராசரியாகப் பாதிப் பேர்தான் ஏறியிருந்தார்கள். வெறும் திறமைக் குறைவு என்றால் தவறு இரண்டு பக்கமும் விழ வேண்டும். இது ஒரே பக்கம் சாய்கிறது.

நீலப்பேருந்து:
சாய்வு உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அதே அழுத்தம் உள்ளே இருக்கும் பொறியாளருக்கும் உண்டு, கூடவே இடமாற்றம் பற்றிய பயமும். வெளியாள் என்றால், ‘முடியாது’ என்று சொல்லிவிட்டுப் போகவாவது முடியும்.

பழைய கோப்பு:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். ஒரு நகர நிர்வாகத்தில் இந்த ஒப்பந்தங்களைக் கவனிக்கும் பிரிவில் இருந்தேன். அறிக்கை அச்சிட்டு வந்தது, படங்களெல்லாம் அழகாக இருந்தன. பயணிகள் கணக்கைப் போட்ட கணினி மாதிரியின் (மாடல்) கோப்பும் சர்வேயின் மூலத் தரவும் வரவில்லை. காரணம், டெண்டரில் நாங்கள் அவற்றைக் கேட்கவே இல்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு பாலம் மூடப்பட்டது. வழித்தடங்களை மாற்றிக் கணக்குப் போட அதே நிறுவனத்துக்கு மறுபடியும் பணம் கொடுத்தோம். அந்தக் கணக்கு சரியா என்று பார்க்கவும் எங்களிடம் ஆளில்லை. இன்றுவரை அது மனதை உறுத்துகிறது.

வழித்தடம்:
இதைத்தான் சொல்கிறேன், ஐயா. அமெரிக்காவின் பாஸ்டனில் கிரீன் லைன் என்ற ரயில் தடத்தை நீட்டிக்கும் திட்டத்தின் செலவு மதிப்பீடு 2015ல் சுமார் 200 கோடி டாலரிலிருந்து 300 கோடிக்குத் தாவியது. கட்டுமான ஒப்பந்தத்தை ரத்து செய்து, வடிவமைப்பை எளிமையாக்கி, சொந்தக் குழுவைப் பெரிதாக்கிய பிறகே வேலை நகர்ந்தது. 2022ல் திறந்தார்கள். ஸ்பெயினின் மாட்ரிட்டில் 1995 முதல் 1999க்குள் 56 கிலோமீட்டர் மெட்ரோ கட்டியபோது, பொறுப்பு ஒரு சிறிய அரசுப் பொறியாளர் குழுவின் கையில் இருந்தது.

நீலப்பேருந்து:
மாட்ரிட்டிலும் வரைபட வேலையில் வெளி நிறுவனங்கள் இருந்தன. வேலை வாங்கத் தெரிந்தவர்கள் உள்ளே இருந்தார்கள், அவ்வளவுதான். மாதிரியும் தரவும் நகரத்துக்கே சொந்தம் என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஆளெடுக்க அனுமதி கிடைக்கவே வருடங்கள் ஆகும். அதுவரை மணிக்கு ஒரு வண்டிக்காக நிற்பவரை என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

வழித்தடம்:
அவருக்காகத்தான் கேட்கிறேன். மாதிரியை இயக்கத் தெரிந்த இரண்டு பேரையாவது முதலில் வேலைக்கு எடுங்கள், அப்புறம் டெண்டர் விடுங்கள். ஆலோசகரோடு உட்கார்ந்து அவர்களும் கணக்குப் போடட்டும். இதற்கும் வருடக்கணக்கில் ஆகும் என்றால், அந்த அறிக்கையை வாங்கி யார் படிக்கப் போகிறார்கள்?