பாகூர் முதல் தாழங்குடா வரை உவர்ந்துவரும் கிணறுகள்: நான்கு துறை மாணவர்கள் ஒரே ஆய்வைச் செய்வது எப்படி?

கேள்வி (முதுநிலை மாணவி, புதுச்சேரி)

அனைவருக்கும் வணக்கம். நிலவியல், தாவரவியல், பொருளியல், சமூகவியல் ஆகிய துறைகளில் முதுநிலை பயிலும் நாங்கள் நால்வர் சேர்ந்து ஓர் ஆய்வைத் தொடங்கியிருக்கிறோம். பாகூர் ஏரியின் ஆயக்கட்டிலிருந்து (ஏரி நீர் பாயும் பாசன நிலம்), தென்பெண்ணை கடலில் கலக்கும் தாழங்குடா வரையுள்ள ஊர்களில் கிணற்று நீர் உவர்ப்பதாக மக்கள் சொல்கிறார்கள். அதன் காரணத்தையும், அதனால் வேளாண்மை எவ்வாறு மாறுகிறது என்பதையும் அறிவதே எங்கள் நோக்கம்.

எங்கள் சிக்கல் வேறொன்று. நிலவியல் மாணவர் நீர் மாதிரி எடுக்கும் ஊர் ஒன்று, சமூகவியல் மாணவி நேர்காணல் செய்யும் ஊர் இன்னொன்று. இப்படியே போனால் தொடர்பில்லாத நான்கு அத்தியாயங்களை ஒரே அட்டைக்குள் வைத்துத் தைத்தது போல ஆகிவிடுமோ என்று அஞ்சுகிறோம். மேலும், ஆற்றுக்கு வடக்கே புதுச்சேரி அரசும் தெற்கே தமிழ்நாடு அரசும் இருப்பதால் தரவுகளும் இரண்டாகப் பிரிந்து கிடக்கின்றன. எங்களுக்கு ஓராண்டு அவகாசம் உள்ளது. எங்கிருந்து தொடங்குவது நல்லது?

மறுமொழி 1 (ஓய்வுபெற்ற நிலவியல் ஆசிரியர், கடலூர்)

அன்புள்ள மாணவிக்கு, உங்கள் அச்சம் நியாயமானது. அதற்கான மருந்தும் எளியது. ஊரை ஆய்வின் அலகாக வைக்காதீர்கள், கிணற்றை வையுங்கள். கடற்கரையிலிருந்து மேற்கு நோக்கி 30 கிணறுகளைத் தேர்ந்தெடுத்து, நால்வரும் அதே கிணறுகளுக்குச் செல்லுங்கள். நீரை அளப்பவர், சுற்றியுள்ள பயிரைக் குறிப்பவர், கிணறு வெட்டவும் ஆழப்படுத்தவும் ஆன செலவைக் கேட்பவர், அதன் வரலாற்றைக் கேட்பவர் என நான்கு பேரின் குறிப்புகளும் ஒரே கிணற்றின் எண்ணுக்குக் கீழ் வந்து சேர வேண்டும்.

கிணற்றின் ஆழத்தைக் கேட்காமல் ஒரு மாதிரியும் எடுக்காதீர்கள். இப்பகுதியில் மேலே வண்டல் படிவும் அதற்குக் கீழே கடலூர் மணற்கல்லும் இருக்கின்றன. இரண்டும் வெவ்வேறு நீர்தாங்கிகள் (நிலத்தடி நீரைத் தேக்கிவைக்கும் அடுக்குகள்) என்பதால், 40 அடிக் கிணற்றையும் 400 அடி ஆழ்துளைக் கிணற்றையும் (போர்) ஒரே வரைபடத்தில் கலந்தால் விடை பிழையாகும். நன்னீர் உவர்நீரைவிட எடை குறைந்தது. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை அது கடல்நீரைத் தள்ளி வைக்கும் என்பது பொதுக் கணக்கு. ஆகவே மேலே நீர்மட்டம் சிறிது இறங்கினாலும் கீழே உப்பு பெருமளவு ஏறிவிடும்.

ஆனால் உவர்ப்பு என்றதுமே கடல்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வயலிலிருந்து திரும்பக் கசியும் நீரும், உப்பங்கழியும், பழைய படிவுகளில் தங்கிய உப்பும் அதே சுவையைத் தரும். நீரின் மொத்த உப்பைக் காட்டும் மின்கடத்துதிறனோடு நிறுத்தாமல், கடல்நீரில் மிகுந்திருக்கும் குளோரைடு, நிலத்தடி நன்னீரில் மிகுந்திருக்கும் பைகார்பனேட்டு இரண்டையும் அளந்து அவற்றின் விகிதத்தைப் பாருங்கள். கோடையின் இறுதியில் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை முடிந்தபின் ஒருமுறை என இரண்டு அளவீடுகளாவது தேவை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபின் தென்பெண்ணையில் வந்தது போன்ற வெள்ளம் உங்கள் ஆய்வு ஆண்டில் குறுக்கிட்டால், அதையும் தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 2 (ஊரகப் பொருளியல் ஆய்வாளர், புதுச்சேரி)

ஆசிரியர் ஐயா சொன்ன கிணறு என்ற அலகை முழுமனதோடு ஏற்கிறேன். அந்த அலகு எவ்வளவு பயன்படும் என்பதைச் சவுக்குத் தோப்பை வைத்துச் சொல்கிறேன். கடலூர்க் கரையோரத்தில் நெல் விளைந்த நிலம் சவுக்காக மாறியிருப்பதைப் பார்ப்பீர்கள். தாவரவியல் மாணவர், நெல்லைவிடச் சவுக்கு உப்பைத் தாங்கும் என்று விளக்குவார். பொருளியல் மாணவர், சவுக்கை நட்டுச் சில ஆண்டுகள் விட்டுவைத்து மொத்தமாக வெட்டி விற்கலாம், அன்றாட வேலை குறைவு என்பார். சமூகவியல் மாணவி, நடவுக்கு ஆள் கிடைக்காததையும் பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட்டதையும் சொல்வார். மூன்றும் உண்மையாக இருக்கலாம்; ஆனால் எந்த நிலத்தில் எது முதலில் வந்தது என்பதை அந்தக் கிணற்றின் குளோரைடு அளவும் அந்தக் குடும்பத்தின் ஆண்டுவாரி நினைவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் பிரித்தறிய முடியும். நீர் இன்னும் இனிப்பாகவே இருக்கும் இடத்திலும் நிலம் சவுக்காகியிருந்தால், உப்பைக் குறை கூறும் உங்கள் முன்கருத்து அங்கே தளரும். அப்படிப்பட்ட கிணறுகளைத் தேடிப் போய்ச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: எல்லையைத் தடையாகக் கருதாதீர்கள். தமிழ்நாட்டு உழவர்களுக்கு 1990 முதல் பம்புசெட்டுக்கு மின்கட்டணம் இல்லை. எனவே நீரின் விலை உண்மையில் போரின் ஆழத்தில்தான் ஒளிந்திருக்கிறது. ஆழப்படுத்தப் பணம் உள்ளவர் யார், இல்லாதவர் யாரிடம் நீர் வாங்குகிறார் என்று இரு கரைகளிலும் ஒரே கேள்வித்தாளால் கேளுங்கள். கிணறு இல்லாத கூலித் தொழிலாளர் குடும்பங்கள் 30 கிணறுகளின் பட்டியலில் இடம்பெறாமல் போவார்கள்; அவர்களின் குடிநீரையும் சேர்த்து அளக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மறுமொழி 3 (ஆயக்கட்டு விவசாயி, பாகூர்)

பிள்ளைகளே, வணக்கம். நீங்கள் கிணற்றைப் பார்க்கும்போது ஏரியையும் பார்க்க வேண்டும். தென்பெண்ணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக நீர் வந்து பாகூர் ஏரி நிரம்பும் ஆண்டில், எங்கள் மேல்மட்டக் கிணறுகளின் நீர் தெளிந்து சுவையாக இருக்கும். வாய்க்கால் தூர்ந்து நீர் வராத ஆண்டில் நாங்கள் போரையே நம்புகிறோம். எந்த மாதம் ஏரி எத்தனை அடி நின்றது, எந்த மதகு எத்தனை நாள் திறந்தது என்ற விவரம், மதகைத் திறந்து வயல்களுக்கு நீர் பாய்ச்சும் நீர்க்கட்டிகளின் நினைவில் இருக்கிறது. அவர்கள் வயதானவர்கள், முதலில் அவர்களிடம் பேசுங்கள்.

9-ஆம் நூற்றாண்டின் பாகூர்ச் செப்பேடு, இங்கிருந்த கல்வி நிலையத்திற்குப் பல்லவ அரசன் நிருபதுங்கவர்மன் மூன்று ஊர்களைக் கொடுத்ததைச் சொல்கிறது. படிப்புக்கு நிலம் கொடுத்த ஊருக்குப் படிப்பவர்கள் வருவதில் எங்களுக்கு மகிழ்ச்சி. ஒரே ஒரு வேண்டுகோள்: சம்பா அறுவடை நடக்கும் நாட்களில் நீண்ட கேள்வித்தாளோடு வராதீர்கள். அளந்த எண்ணை, அந்தக் கிணற்றுக்காரரிடம் அன்றே தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்.

கேட்டவரின் பதில்

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. கிணற்று எண்ணை அடிப்படையாகக் கொண்டு நால்வரும் நிரப்பும் ஒரே குறிப்பேட்டைத் தயாரித்திருக்கிறோம்; ஆழம், குளோரைடு, பயிர் மாறிய ஆண்டு, நீர் வாங்குபவர், விற்பவர் ஆகியவை அதில் இடம்பெறும். கிணறு இல்லாத குடும்பங்களுக்குத் தனிப் பக்கம் ஒதுக்கியுள்ளோம். ஐயா, வரும் வாரம் நீர்க்கட்டிகளைச் சந்திக்க வரலாமா?

பாகூர் விவசாயி: வாருங்கள் அம்மா. காலை ஏழு மணிக்கு முன்பு மதகடியில் இருப்பார்கள்.