எட்டு மேனா லெவயதனை எடுப்பதா, வைப்பதா?

குழு: பினாங்கு குடும்பம்
வெள்ளிக்கிழமை

நான், இரவு 8.40
மாமா, அக்கா, அடுத்த ஞாயிறு ஜார்ஜ்டவுனில் மேஜிக் என்ற அட்டை ஆட்டத்தின் போட்டி ஒன்று இருக்கிறது. மாடர்ன் வகை ஆட்டம். டெக் (ஆடும் அட்டைக் கட்டு) பட்டியலை வியாழனுக்குள் கொடுத்துவிட வேண்டும். என் மெர்ஃபோக் (கடல் மனிதர் இனம்) டெக்கில் இப்போது 18 ஐலண்ட் (அட்டைகளை இறக்கக் கொடுக்கும் மேனாவைத் தரும் நில அட்டை), 4 ஈதர் வயல், 2 ஸ்ப்ரெடிங் சீஸ், 4 ஸ்டார்ம்டைட் லெவயதன் (பெரிய கடல் விலங்கு) இருக்கின்றன. மீதி 32 அட்டைகளும் மெர்ஃபோக். போன மாதம் ஐந்து சுற்றில் ஒன்றில்தான் வென்றேன். எதை மாற்றலாம் என்று பார்த்துச் சொல்லுங்கள். லெவயதனை மட்டும் எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பட்டர்வொர்த் மாமா, 8.52
அதை எதற்காக வைத்திருக்கிறாய் என்று முதலில் நீ சொல், மருமகனே. காரணம் தெரிந்தால்தான் அந்த வேலையை வேறு அட்டை செய்யுமா என்று பார்க்க முடியும்.

நான், 8.59
அது மேசையில் இருக்கும்வரை எல்லா நிலங்களும் ஐலண்டாகவும் ஆகிவிடுகின்றன. லார்ட் ஆஃப் அட்லாண்டிஸ் மற்ற மெர்ஃபோக்குகளுக்கு ஐலண்ட்வாக் தருவதால், எதிரியிடம் ஓர் ஐலண்ட் இருந்தாலே அவற்றைத் தடுக்க முடியாது. அத்துடன், பறக்கவோ ஐலண்ட்வாக்கோ இல்லாத உயிரினங்கள் தாக்கவே முடியாது என்றும் லெவயதனில் எழுதியிருக்கிறது. கடல் பொங்கி ஊரையே மூடிவிட்டது போலவும், அதில் நம் மக்கள் மட்டும் நடமாடுவது போலவும் இருக்கும், மாமா. இந்த டெக்கை நான் கட்டத் தொடங்கியதே அதற்காகத்தான்.

பட்டர்வொர்த் மாமா, 9.11
நீ நினைத்தது சரியான யோசனைதான். அதை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் அதற்கு எட்டு மேனா வேண்டும், உன்னிடம் 18 நிலம்தான் இருக்கிறது. எட்டாவது நிலம் உன் கைக்கு வருவதற்குள் மாடர்னில் ஆட்டம் பெரும்பாலும் முடிந்து, இருவரும் அடுத்த ஆட்டத்துக்கு அட்டையைக் கலைத்துக்கொண்டிருப்பார்கள். இன்னொன்றையும் நீ கவனித்தாயா? லெவயதன் மெர்ஃபோக் இனம் அன்று. லார்ட் தரும் கூடுதல் பலம் அதற்குச் சேராது. சில்வர்கில் அடெப்டை இரண்டு மேனாவுக்கு இறக்க, கையில் உள்ள ஒரு மெர்ஃபோக்கைக் காட்ட வேண்டிய நேரத்தில் அதைக் காட்டவும் முடியாது. மெர்ஃபோக் டெக்குக்குள் இருந்துகொண்டே அது வெளியாளாகத்தான் இருக்கிறது.

நான், 9.15
ஈதர் வயல் வழியாக மேனா இல்லாமலே இறக்கலாம் என்று நினைத்திருந்தேன்.

பட்டர்வொர்த் மாமா, 9.27
வயலில் நீ ஆடும் ஒவ்வொரு முறையின் தொடக்கத்திலும் ஒரு கவுண்டர் (எண்ணிக்கைக் குறி)தான் ஏறும். முதல் முறையிலேயே வயலை வைத்தாலும், உன் ஒன்பதாவது முறையில்தான் எட்டு சேரும். அதற்குள், இரண்டு மேனா மெர்ஃபோக்குகளை இறக்க வேண்டிய வயல் இரண்டைத் தாண்டிப் போய்விடும். கவுண்டர் எண்ணிக்கைக்கு மேனா விலை சரியாகப் பொருந்தும் உயிரினத்தைத்தான் அது இறக்கும், குறைந்ததை இறக்காது. கவுண்டர் ஏற்றுவது நம் விருப்பம் என்பதால் இரண்டிலேயே நிறுத்திவிடு.

அது ஏன் என்றால், நான் சிவப்பு டெக் ஆடுகிறவன், எனக்கு இது நன்றாகவே தெரியும். உன் மேசையில் லார்ட் ஆஃப் அட்லாண்டிஸ் ஒன்றும் மாஸ்டர் ஆஃப் த பேர்ல் டிரைடன்ட் ஒன்றும் நிற்கின்றன என்று வை. ஒன்றை ஒன்று உயர்த்துவதால் இரண்டும் 3/3 (தாக்கும் பலம் 3, தாங்கும் பலம் 3). நான் ஆங்கர் ஆஃப் த காட்ஸ் போடுகிறேன்; அது எல்லா உயிரினங்களுக்கும் 3 சேதம் தரும், இரண்டும் போய்விடும். ஆனால் அது நிறைவேறும் முன் நீ வயலைச் சாய்த்துப் பயன்படுத்தி, கையில் இருக்கும் மூன்றாவது லார்டை (மற்ற மெர்ஃபோக்குகளை இப்படி உயர்த்தும் இன்னோர் அட்டையை) இறக்கினால், மூன்றும் 4/4 ஆகிவிடும். என் அட்டை வீணாகும். உன் மூன்றும் அப்படியே நிற்கும். வயலில் மூன்று கவுண்டர் ஏறியிருந்தால் உன்னால் அதைச் செய்ய முடியாது.

நான், 9.31
இதை நான் ஒரு தடவைகூட யோசித்ததில்லை, மாமா. போன மாதம் இரண்டு ஆட்டங்களில் இப்படித்தான் என் மேசை முழுவதும் துடைத்து எடுக்கப்பட்டது.

ஆயர் ஈத்தாம் அக்கா, 9.40
தம்பி, நான் உன் நிலக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 60 அட்டையில் 18 நிலம் என்றால், முதல் ஏழு அட்டையில் ஒரு நிலம் மட்டுமோ ஒன்றுமே இல்லாமலோ வருவதற்கு ஏறத்தாழ 31 விழுக்காடு வாய்ப்பு. 20 ஆக்கினால் அது 25 ஆகக் குறைகிறது. ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு ஆட்டம் ஆடுகிறவனுக்கு இது சிறிய வேறுபாடு இல்லை. ஸ்ப்ரெடிங் சீஸையும் இரண்டிலிருந்து நான்காக்கினால், தொடக்கக் கையில் ஒன்றாவது இருப்பதற்கான வாய்ப்பு 22 விழுக்காட்டிலிருந்து 40 ஆகிறது.

பட்டர்வொர்த் மாமா, 9.46
அக்கா சொன்னதில் விடையே இருக்கிறது. லெவயதன் எட்டு மேனாவுக்குச் செய்வதில் உனக்கு வேண்டிய பங்கை ஸ்ப்ரெடிங் சீஸ் இரண்டு மேனாவுக்குச் செய்கிறது. எதிரியின் ஒரு நிலம் ஐலண்டாகும்; உன் படையைத் தடுக்க ஆளிராது. அது மட்டுமில்லை, அந்த நிலம் தன் பழைய வேலையை இழந்து நீல மேனா மட்டுமே தரும். உர்சா நிலங்கள் மூன்றையும் சேர்த்து ஏழு மேனா எடுக்கக் காத்திருக்கிறவனுக்கு, அதில் ஒன்று ஐலண்டானால் கை ஒடிந்தது போலத்தான். போட்டவுடன் உனக்கு ஓர் அட்டையும் கிடைக்கும்.

நான், 9.55
அப்படியென்றால் நான்கு லெவயதன் வெளியே, இரண்டு ஸ்ப்ரெடிங் சீஸும் இரண்டு நிலமும் உள்ளே. கணக்கு 60இலேயே நிற்கிறது. சரிதானே?

பட்டர்வொர்த் மாமா, 10.02
சரி. அந்த இரண்டு நிலமும் மியூட்டவால்ட்டாக இருக்கட்டும். ஒரு மேனா கொடுத்தால் அது எல்லா இனமுமாகிய 2/2 உயிரினமாகும். ஆகவே லார்டு இருந்தால் அதுவும் 3/3. நிறமற்ற மேனாதான் தரும் என்பதால் இப்போதைக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். உன் லார்டுகளுக்கு இரண்டு நீலம் வேண்டும்.

எதிரில் இருப்பவனும் மெர்ஃபோக் ஆடினால் ஒன்றை மறவாதே. லார்ட் ஆஃப் அட்லாண்டிஸ் அவன் பக்கத்து மெர்ஃபோக்குகளுக்கும் பலம் தரும். மாஸ்டர் உன்னுடையவற்றுக்கு மட்டும்தான் தரும். அங்கே மாஸ்டரை முதலில் இறக்கு. சைட்போர்டு (ஆட்டங்களுக்கு இடையே மாற்றிக்கொள்ளும் உதிரி அட்டைகள்) 15ஐ நாளை நேரில் பார்ப்போம்.

அம்மா, 10.10
எனக்கு இந்த ஆட்டம் தெரியாது, அண்ணா. ஆனால் இவன் தோற்று வந்த அன்று, கடைசியாகக் கையில் இருந்ததையெல்லாம் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் மூன்று ஆட்டத்தின் கையில் அந்தப் பெரிய கடல் விலங்கு இருந்தது. ஒன்றில் இரண்டு இருந்தன. வைத்துக்கொண்டே தோற்றிருக்கிறான் என்று எனக்கே தோன்றியது.

நான், 10.14
உண்மைதான், அம்மா. இப்போதுதான் அட்டைகள் போட்டிருக்கும் உறையையும் பார்த்தேன். நான்கு லெவயதன் உறைகளிலும் வலது மூலை மட்டும் நைந்திருக்கிறது. ஆட்டம் முழுவதும் இறக்க முடியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்ததால் வந்தது. மற்ற 56இல் அப்படி இல்லை.

பட்டர்வொர்த் மாமா, 10.18
அப்படியானால் 60க்கும் புது உறை போடு. ஒரு சில உறைகளில் மட்டும் அடையாளம் இருந்தால் நடுவர் அதைச் சும்மா விடமாட்டார், நீ அறியாமல் நடந்ததாக இருந்தாலும் சரி.

நான், 10.36
எடுத்துவிட்டேன், மாமா. நான்கையும் தனியாக அட்டைப்பெட்டியில் வைத்திருக்கிறேன். ஸ்ப்ரெடிங் சீஸ் என்னிடம் நான்கும் இருக்கின்றன. மியூட்டவால்ட் ஒன்றுதான் இருக்கிறது.

பட்டர்வொர்த் மாமா, 10.41
இன்னொன்றை நான் தருகிறேன். நாளைக் காலை ஃபெர்ரியில் வருகிறேன். ஆங்கர் ஆஃப் த காட்ஸ் நான்கையும் கொண்டு வருவேன். வயலை இரண்டில் நிறுத்தி வை.