ராத்திரி சைக்கிள்: பின்னால வர்றவருக்கு நாம தெரியறோமா? (தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து அனுபவங்கள்)

சைக்கிள் கடை, பாலக்கோடு

கார்த்திகையில நம்ம பக்கம் 5.50 வாக்குலயே பொழுது இறங்கிடும். 6.15-க்கெல்லாம் புளியமரம் இருக்கற ரோட்டுல கும்மிருட்டு. ஆனியில 6.45 வரைக்கும் வெளிச்சம் இருக்கறதால, ஜூன்ல வாங்கின சைக்கிள்ல லைட் இல்லைங்கறது நவம்பர் வரைக்கும் யாருக்கும் உறைக்காது. ஸ்பெஷல் கிளாஸ் முடிச்சுத் திரும்பற பிளஸ் டூ புள்ளைங்க, விடியறதுக்கு முன்னாடி பால் சொசைட்டிக்குக் கேன் கட்டிட்டுப் போறவங்க, ரெண்டு பேரும் மாட்டறது இந்த இருட்டுலதான்.

கடைக்கு வர்றவங்க எல்லாரும் முதல்ல கேக்கறது முன் லைட். கையில காசு கொஞ்சம்தான்னா அந்தக் காசைப் பின் லைட்டுக்குப் போடுங்க. முன்னால இருக்கற குழிக்கு நாம வேகத்தைக் குறைச்சுக்கலாம். பின்னால தக்காளி லோடோட வர்ற பிக்கப்போட வேகம் நம்ம கையில இல்ல.

டாரஸ் ஓட்டுநர், கிருஷ்ணகிரி

அண்ணா சொல்றது சரி. லாரி ஸ்டீயரிங் பிடிக்கற எங்க பக்கத்துக் கணக்கையும் பாருங்க. 60 கிலோமீட்டர் வேகம்னா வினாடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர். கண்ணு பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை வினாடி, அதுலயே 25 மீட்டர் போச்சு. காய்ஞ்ச தார்ல கார் நிக்க இன்னும் 28 மீட்டர் வேணும், லோடு லாரிக்கு அதுக்கும் மேல. ஆக 50 மீட்டர் தாண்டிடுச்சு. டிம்ல ஓடும்போது வெளிச்சம் உருப்படியா விழறதே 40, 50 மீட்டர்தான். கருப்புச் சட்டை, நீல லுங்கி, துருப்பிடிச்ச சைக்கிள்னா 30 மீட்டருக்குள்ள வந்தாத்தான் ஏதோ அசையுதுன்னு தோணும். எதிர்ல ஒருத்தர் ஹை பீம்ல வந்தா அதுவும் இல்ல.

ரிஃப்ளெக்டர் இருக்கே, போதாதான்னு கேப்பீங்க. அது வெளிச்சத்தை வந்த வழியே, அதாவது ஹெட்லைட்டுக்கே, திருப்பி அனுப்பும். கார்ல ஓட்டறவர் கண்ணு லைட்டுக்கு அரை மீட்டர் சொச்சம்தான் மேல, அவருக்குப் பளிச்சுனு அடிக்கும். லாரியில அந்த வித்தியாசம் ஒன்றரை மீட்டர் வரும். அதனால திரும்பி வர்ற வெளிச்சத்துல நிறைய எங்க கண்ணுக்குக் கீழயே போயிடும், கிட்ட வர வர இன்னும் மோசம். பேட்டரி போட்ட சிவப்பு லைட்டுக்கு இந்தக் கோளாறே கிடையாது.

மார்கழிப் பனியில, முக்கியமா சூளகிரி, ஓசூர் பக்கம், ரிஃப்ளெக்டரோட இந்தக் குறை டபுள் ஆகும். ரிஃப்ளெக்டருக்கு வெளிச்சம் பனிக்குள்ள போகவும் வேணும், திரும்பி வரவும் வேணும். லைட்டுக்கு வந்தா போதும்.

அரூரிலிருந்து ஒருவர்

பளிச்சுனு பச்சை மஞ்சள்ல ஜாக்கெட் விக்கறாங்களே, அது போட்டா?

ஆசிரியை, காரிமங்கலம்

அந்த நிறம் பகலுக்கும் அந்தி நேரத்துக்கும்தான். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரை வாங்கித்தான் அது அப்படி ஒளிர்கிறது. ஹெட்லைட்டில் அந்தக் கதிர் அனேகமாக இல்லை, ஆகவே இரவில் அது வெறும் வெளிர் நிறச் சட்டை. ஜாக்கெட்டில் குறுக்கே ஓடும் சாம்பல் நிற ரிஃப்ளெக்டர் பட்டைதான் இரவு வேலை செய்வது. அதுவும் ஸ்கூல் பேக் மாட்டினால் மறைந்துவிடும். பேக்கின் மேலேயே பட்டை ஒட்டுங்கள்.

முதுகை விடக் கணுக்கால் நல்ல இடம். பெடல் மிதிக்கும்போது பட்டை மேலும் கீழும் போய் வரும், அதைப் பார்த்ததும் சைக்கிள் என்று புரிந்துவிடும். அசையாத சிவப்புப் புள்ளி மைல்கல்லாக இருக்கலாம், நின்றிருக்கும் லாரியாகவும் இருக்கலாம்.

சைக்கிளில் ஒட்டுவதற்கு, நம்பர் பிளேட் ஒட்டும் கடைகளில் கிடைக்கும் ரேடியம் ஸ்டிக்கரே போதும், லாரி பாடிக்கு ஒட்டும் 2 அங்குலப் பட்டை இன்னும் நல்லது. ஆனால் மினுமினுப்பதெல்லாம் ரிஃப்ளெக்டர் ஆகாது. வாங்கும்போது செல்போன் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் ஒட்டிப் பிடித்து, 10 அடி தள்ளி நின்று, கடையின் நிழலான மூலையில் வைத்துப் பாருங்கள். எரிவது போலத் திருப்பி அடித்தால் வாங்குங்கள். ஒட்டும் இடத்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, காய்ந்த பின் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைக்க வேண்டும். செயின் எண்ணெய் துளி இருந்தாலும் ஒரு மழையில் கழன்றுவிடும். பட்டையின் நாலு மூலையையும் கத்தரியால் வட்டமாக வெட்டினால் உரியாது. பின் மட்கார்டுக்குச் சிவப்பு, முன் ஃபோர்க்குக்கு வெள்ளை. முன்னால் சிவப்பு ஒட்டினால், எதிரே வருபவர் நாம் அவருக்கு முன்னே போவதாக நினைத்துக்கொள்வார். மிச்சத் துண்டுகளைப் பெடல் தண்டில் சுற்றுங்கள்.

பால் கேன், காவேரிப்பட்டணம்

எல்லாம் சரிங்க டீச்சர், லோடு கட்டினா என்ன பண்றது? கடையில விக்கற லைட் எல்லாம் சீட் போஸ்ட்டுல மாட்டற மாதிரிதான் வருது. கேரியர்ல ரெண்டு கேனோ ஒரு புல்லுக்கட்டோ ஏத்தினா லைட்டு எரியும், ஆனா ஒருத்தருக்கும் தெரியாது. லைட்டை கேரியரோட பின் விளிம்புக்கு, லோடுக்குக் கீழ, இறக்கணும். பழைய டியூப்ல ஒரு துண்டு வெட்டி கேரியர் கம்பியில சுத்தி, அதுக்கு மேல கிளாம்ப்பைப் போட்டு இறுக்கினா குலுங்கி விழாது. கேபிள் டை மட்டும் போட்டா வெயில்ல காய்ஞ்சு ஒடைஞ்சிடுது.

புல்லுக்கட்டு தொங்கி லைட்டை மூடற ஆளா இருந்தா, மட்கார்டு நுனியில இன்னொண்ணு. கருப்பு மட்கார்டுல அந்தக் காலத்துலயே வால் பக்கம் வெள்ளை அடிச்சு ஒரு சிவப்புக் கண்ணாடி வெச்சாங்க, காரணம் இல்லாம இல்ல. மழைக்காலத்துல செம்மண் அப்பினா லைட்டு, சிவப்புக் கண்ணாடி ரெண்டும் செத்துடும். கிளம்பும்போது ஈரத்துணியில ஒரு தடவை தொடைச்சிடுங்க.

சைக்கிள் கடை, பாலக்கோடு

புது சைக்கிள்ல ரிஃப்ளெக்டர் இருக்கணும்னு 2020-லயே மத்திய அரசு ஆணை போட்டுடுச்சு. கம்பெனிக்காரங்க மாட்டித்தான் அனுப்பறாங்க. அசிங்கமா இருக்குன்னு பசங்க கழட்டிடறாங்க, இல்ல பின் ரிஃப்ளெக்டர் சாஞ்சு ஆகாசத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கும். நேரா நிமிர்ந்து நின்னாத்தான் வேலை செய்யும்.

டயர்ல உரசிச் சுத்தி கரண்ட் குடுக்கற டைனமோ லைட் போதாதான்னு கேக்கறவங்களுக்கு: நம்ம ஊர் டைனமோ 6 வோல்ட், 3 வாட். அதுல முன் பல்பு 2.4 வாட், பின் பல்பு 0.6 வாட். பின் பல்பு போயிட்டா மொத்தக் கரண்ட்டும் முன் பல்புல ஏறி, இறக்கத்துல அதுவும் ஃபியூஸ். அதனால ஒண்ணு போனா உடனே மாத்துங்க. பல்புக்கு ஒத்தை ஒயர்தான் போகும், கரண்ட் திரும்பி வர்ற வழி சைக்கிள் பாடிதான். டைனமோ கிளாம்ப் ஸ்க்ரூ பெயிண்ட்டைக் கீறி இரும்பைத் தொடலேன்னா லைட் விட்டு விட்டு எரியும், எல்லாரும் பல்பைத்தான் திட்டுவாங்க. டைனமோவோட அச்சுக்கோடு வீல் நடுவை நோக்கி இருக்கணும், கோணலா இருந்தா டயர் பக்கம் தேயும். மழையில டயரைத் தொடற உருளை வழுக்கும். பெரிய குறை, சைக்கிள் நின்னா லைட்டும் நின்னுடும். ரோட்டைக் கடக்க நடு ரோட்டுல காத்திருக்கும்போது நீங்க இருட்டு. டைனமோ வெச்சிருந்தாலும் பின்னால பேட்டரி லைட் ஒண்ணு வேணும்னு சொல்றது இதுக்குத்தான்.

பென்னாகரத்திலிருந்து ஒருவர்

பின் லைட்டுக்கு மினுக்குற மோடா, நின்னு எரியற மோடா? கடையில மினுக்குறதுதான் நல்லதுன்னாங்க.

டாரஸ் ஓட்டுநர், கிருஷ்ணகிரி

மினுக்கினா சீக்கிரம் கண்ணுல படும். ஆனா எவ்வளவு தூரத்துல இருக்கு, நகருதா நிக்குதான்னு கணிக்க முடியாது. ஒரே லைட்னா நின்னு எரியட்டும். ரெண்டு இருந்தா ஒண்ணை மினுக்கவிடுங்க.

இன்னொண்ணு, தம்பிங்களா. ராங் சைடு. சர்வீஸ் ரோட்டுல யூ டர்ன் தூரம்னு எதிர்ல வர்றாங்க. 60-ல வர்ற வண்டிக்கு 15-ல போற சைக்கிள் அதே திசையில போனா நெருங்கற வேகம் 45, எதிர்ல வந்தா 75. நீங்க மாட்டின சிவப்பு லைட்டு, கேரியர் பட்டை ஒண்ணும் அவருக்குத் தெரியாது. அதுக்கு எறங்கித் தள்ளிட்டுப் போயிடலாம்.

தொப்பூர் கணவாய்ல சேலம் பக்கம் இறங்கறது ராத்திரி சைக்கிளுக்கு ஆகவே ஆகாது. எத்தனை லைட் மாட்டினாலும், பிரேக் சூடேறி வர்ற வண்டிக்கு நிக்கத் தெரியாது. பஸ்ஸுல ஏத்திடுங்க. ஒகேனக்கல், அஞ்செட்டி காட்டு ரோட்டுல யானை, அங்கயும் இருட்டுக்கு முன்னாடி ஊர் சேருங்க.

ஆசிரியை, காரிமங்கலம்

வண்டிக்காரர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. இப்போது வரும் சார்ஜ் லைட்டுகளை நிமிர்த்தி மாட்டிக்கொண்டு நாமும் எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்கிறோம். முன் லைட்டின் சாய்வைச் சரிபார்க்க, சைக்கிளைச் சுவரைப் பார்த்து 4 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். ஹேண்டில் பாரில் இருக்கும் லைட் தரையிலிருந்து 1 மீட்டர் உயரம் என்றால், சுவரில் வெளிச்சத்தின் நடு அரை மீட்டர் உயரத்தில் விழ வேண்டும். அப்போது ரோட்டில் 8 மீட்டர் முன்னால் விழும், 15 கிலோமீட்டர் வேகத்துக்கு அது போதும்.

எதிர் வண்டி ஹை பீமைக் குறைக்காவிட்டால் அதைப் பார்க்காதீர்கள். இடது பக்க வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே வேகத்தைக் குறையுங்கள். கோடு இல்லாத ரோட்டில் தார் முடிந்து மண் தொடங்கும் இடம் பல ஊர்களில் சாண் ஆழம் இறங்குகிறது. வீல் அதில் இறங்கிவிட்டால் ஓட்டிக்கொண்டே சாய்வாக ஏற்றப் பார்க்காதீர்கள், டயர் விளிம்பில் உரசி ரோட்டுப் பக்கமே தள்ளிவிடும். நின்று, பின்னால் பார்த்து, தூக்கி வையுங்கள்.

பால் கேன், காவேரிப்பட்டணம்

சார்ஜ் லைட் வாங்கறவங்க ஒண்ணு பாருங்க. சார்ஜ் குறைஞ்சா சிலது மங்கலாகி எச்சரிக்கும், சிலது பட்டுனு அணையும். வீட்டுலயே முழுசா சார்ஜ் ஏத்தி, எரியவிட்டு, எத்தனை மணி நேரம் தாங்குதுன்னு பார்த்துட்டு ரோட்டுக்கு எடுங்க. அட்டையில 8 மணி நேரம்னு போட்டிருந்தா அது மினுக்குற மோடுக்கா இருக்கலாம்.