மூடுபனி ஊர்களில் கிரகணத் தொழுகை

கூடலூர்:
ஷாஃபிஈ மத்ஹபு (இஸ்லாமியச் சட்டப் பிரிவு) முறையில் கிரகணத் தொழுகை நடத்தும் பள்ளிவாசல்களில் குழப்பம் வருவது ஒரே இடத்தில்தான். முதல் ருகூவிலிருந்து (குனிந்து நிற்கும் நிலை) எழுந்ததும் பாதி சஃப் (தொழுகை வரிசை) பழக்கத்தில் ஸுஜூதுக்கு (நெற்றியைத் தரையில் வைத்தல்) போய்விடும். இமாமோ மறுபடி கை கட்டி ஃபாத்திஹா (குர்ஆனின் முதல் அத்தியாயம்) ஓதிக்கொண்டிருப்பார். ரக்அத்துக்கு (தொழுகையின் ஒரு சுற்று) இரண்டு நிலை (நின்று ஓதுதல்), இரண்டு ருகூ, அதன் பிறகே இரண்டு ஸுஜூது. சூரிய கிரகணமென்றால் ஓதுவது சத்தமில்லாமல். ஸ்பீக்கரை மட்டும் நம்பியிருக்கும் பெண்கள் பகுதிக்கு ‘ஸமிஅல்லாஹு லிமன் ஹமிதஹ்’ தவிர ஒன்றும் கேட்காது. தக்பீர் கட்டும் (தொழுகையைத் தொடங்கும்) முன் ஹஜ்ரத் (இமாம்) திரும்பி நின்று இந்தச் செயல்முறை வரிசையைச் சொல்லிவிட வேண்டும். தாமதமாக வருபவர் இரண்டாவது ருகூவில் சேர்ந்தால் அந்த ரக்அத் கிடைக்காது, முதல் ருகூ கிடைத்திருக்க வேண்டும். பாங்கும் இகாமத்தும் (தொழுகை தொடங்கும் அறிவிப்பு) இல்லை. ‘அஸ்ஸலாத்து ஜாமிஆ’ (தொழுகைக்குக் கூடுங்கள்) என்று அழைத்தால் போதும்.

ஊட்டி:
நமக்குப் பெரிய கேள்வி மேகம்தான். கிரகணம் பிடித்ததைப் பார்த்துவிட்டோம், பிறகு மஞ்சு மூடியது, விட்டதா இல்லையா தெரியவில்லை என்றால் தொழலாம். பிடித்தது நீடிக்கிறது என்றே கொள்ளப்படும். தொடக்கத்திலிருந்தே வானம் மூடியிருந்து, பிடித்ததா என்பதே சந்தேகமென்றால், வானியலார் சொல்லை வைத்துத் தொழ வேண்டாம் என்பது ஷாஃபிஈ சட்ட அறிஞர் இமாம் நவவீ பதிந்திருக்கும் சட்டம். ஆகவே மோதினாரை (பாங்கு சொல்பவரை) மொட்டைமாடிக்கு அனுப்புவது வீண் வேலையில்லை. சூரியன் என்றால் கிரகணக் கண்ணாடியோடு அனுப்புங்கள்.

2019 டிசம்பர் 26 வளைய கிரகணம் இங்கே காலை 8 மணிக்குச் சற்றுப் பிறகு தொடங்கி 11 தாண்டி முடிந்தது. அவ்வளவு நேரம் இருந்தால் நீட்டி ஓதலாம்: முதல் நிலையில் அல்பகரா (குர்ஆனின் மிக நீண்ட அத்தியாயம்) அளவு, அடுத்தவற்றில் அதிலிருந்து சுமார் 200, 150, 100 வசனங்களின் அளவு. ருகூவின் தஸ்பீஹும் (இறைத்துதி) அதே போல 100, 80, 70, 50 வசன நேரம். முழங்கால் வலிக்காரர்களுக்கு நாற்காலி போட்டுவிடுங்கள், இந்தக் குளிர்த்தரையில் அது சலுகையல்ல.

குன்னூர்:
பேப்பரில் வரும் முதல் நேரத்தை நம்பாதீர்கள். 2025 செப்டம்பர் 7 சந்திர கிரகணத்துக்கு இரவு 8.58 என்று போட்டார்கள். அது புறநிழல், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. விளிம்பு கருக்கத் தொடங்கியது 9.57, விட்டது 1.26. இஷா (இரவுத் தொழுகை) முடித்துச் சாவகாசமாகக் கூடலாம். 2026 மார்ச் 3 அப்படியல்ல: சந்திரன் உதிக்கும்போதே பிடித்திருக்கும், 6.47-க்கு விட்டுவிடும். அந்த மாதிரி நாளில் சிறு சூராக்கள் (குர்ஆன் அத்தியாயங்கள்) போதும். சாதாரண சுன்னத் (கடமையல்லாத தொழுகை) போல ரக்அத்துக்கு ஒரு ருகூவோடு இரண்டு ரக்அத் தொழுதாலும் ஷாஃபிஈயில் கூடும். தொழுகைக்கு நடுவே கிரகணம் விட்டால் முறிக்காமல் முடிக்க வேண்டும். தவறிப்போனதற்குக் களா (பின்னர் ஈடுசெய்து தொழுதல்) கிடையாது.

கொடைக்கானல்:
ராவுத்தர் ஜமாஅத்துகள் பெரும்பாலும் ஹனஃபி (இன்னொரு மத்ஹபு) என்பதால் மேலே சொன்ன இரட்டை ருகூ இங்கே இல்லை. ரக்அத்துக்கு ஒரு ருகூ, இரண்டு ரக்அத், பிறகு கிரகணம் விடும்வரை துஆ (பிரார்த்தனை). குத்பா (சொற்பொழிவு) கிடையாது. சந்திர கிரகணத்துக்குக் கூட்டுத் தொழுகையும் இல்லை, அவரவர் வீட்டில் தொழுதுகொள்வது. 2027 ஆகஸ்ட் 2 அன்று சூரிய கிரகணம் மாலையில் வருகிறது. அஸ்ருக்கு (மாலைத் தொழுகை) பின் நஃபில் (கடமையல்லாத தொழுகை) மக்ரூஹ் (விரும்பத்தகாதது) என்பதால் நாங்கள் துஆவோடு நிறுத்திக்கொள்வோம். கூடலூர்க்காரர்கள் காரணமுள்ள தொழுகை என்று தாராளமாகத் தொழுவார்கள்.

கூடலூர்:
ஆமாம் பாய், அஸ்ருக்குப் பிறகும் எங்களுக்குத் தடையில்லை. தொழுகைக்குப் பின் இரண்டு குத்பாவும் உண்டு. நபியின் மகன் இப்ராஹீம் இறந்த நாளில் கிரகணம் பிடித்ததையும், யாருடைய மரணத்துக்காகவும் அது பிடிப்பதில்லை என்று நபியவர்கள் சொன்னதையும் அதில் கட்டாயம் சொல்லச் சொல்லுங்கள். கர்ப்பிணிகளை அறையில் பூட்டிவைக்கும் வீடுகள் நம்மிலும் இருக்கின்றன.