தென்னை உச்சிக்குத் தண்ணீரை ஏற்றுவது வேரா, இலையா?

அடையாறுவாசி: மாடித்தோட்டக் குழுவில் ஒருவர் "வேர்தான் மோட்டார், அதுதான் தண்ணீரை உச்சிவரை தள்ளுகிறது" என்று எழுதியிருக்கிறார். எல்லோரும் கைதட்டுகிறார்கள். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. மரத்தில் மோட்டாரே கிடையாது. இலைத்துளை வழியாக நீர் ஆவியாகிறது. அந்த இழுப்பில், சைலம் என்கிற நீர்க்குழாய்களுக்குள் நீர் அறுபடாமல் மேலே வருகிறது. 1894இலேயே டிக்சன், ஜோலி என்ற இரண்டு விஞ்ஞானிகள் சொல்லிவிட்டார்கள்.

கொளத்தூர் தோட்டம்: அந்த ஒருவர் நான்தான் சார். நேராகவே திட்டுங்கள். விடியற்காலையில் என் சேப்பங்கிழங்கு இலை நுனியில் துளி நிற்கிறது. பனி இல்லை, பக்கத்தில் கறிவேப்பிலை காய்ந்துதான் இருக்கிறது. உள்ளிருந்து தள்ளாமல் அந்தத் துளி எப்படி வந்தது?

அடையாறுவாசி: அது வேர் அழுத்தம். ராத்திரி இலைத்துளை மூடியிருக்கும், மண்ணும் ஈரமாக இருக்கும், அப்போது கொஞ்சம் தள்ளும். சித்திரை மத்தியானத்தில், மரத்துக்குத் தண்ணீர் அதிகம் வேண்டிய நேரத்தில், அந்த அழுத்தத்தைத் தேடினாலும் கிடைக்காது.

கொளத்தூர் தோட்டம்: ஆக, தள்ளுகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

அடையாறுவாசி: என் வாயில் வார்த்தையைத் திணிக்காதீர்கள். வேர் அழுத்தம் பெரும்பாலும் 1, 2 வளிமண்டலத்தை (காற்றழுத்த அளவு) தாண்டாது. ஒரு வளிமண்டலம் சுமார் 10 மீட்டர்தான் தூக்கும். கலிபோர்னியாவில் ரெட்வுட் மரம் 115 மீட்டர் நிற்கிறது. அதை எந்த வேர் தள்ளும்?

கொளத்தூர் தோட்டம்: கொளத்தூரில் ரெட்வுட் இல்லை. எங்கள் வீட்டுத் தென்னை 15 மீட்டர் இருக்கும். உங்கள் கணக்குப்படியே 2 வளிமண்டலம் 20 மீட்டர் தூக்குமே! முதலில் துளிக்குப் பதில் சொல்லுங்கள்.

மயிலை மாமி: ஜகதீஷ் சந்திர போஸ் 1923இல் புத்தகமே எழுதினார். உயிருள்ள செல்கள் துடித்துத் துடித்துச் சாற்றை ஏற்றுகின்றன என்றார். நம்மவர் சொன்னால் உங்களுக்குக் கசக்கிறது.

அடையாறுவாசி: சைலம் குழாய் செத்த செல்களால் ஆனது அம்மா. செத்தது எப்படித் துடிக்கும்?

மயிலை மாமி: போஸ் சொன்னது சைலத்தை இல்லை, அதற்கு வெளியே இருக்கும் புறணி என்ற உயிருள்ள அடுக்கை. படித்துவிட்டு வாருங்கள்.

அடையாறுவாசி: அந்தச் செல்களும் நஞ்சில் சாகும். போஸுக்கு முன்பே ஸ்ட்ராஸ்பர்கர் என்ற தாவரவியலாளர் உயரமான மரத்தை அடியில் அறுத்து நஞ்சுக் கரைசலில் நிறுத்தினார். செல்கள் செத்த பிறகும் கரைசல் ஏறிக்கொண்டே இருந்தது. அங்கே வேரும் இல்லை, துடிப்பும் இல்லை. இலை மட்டும்தான் இருந்தது.

தாம்பரம் பசுமை: தண்ணீரையே பிடித்துத் தொங்குகிறீர்கள். இலை சமைத்த சர்க்கரை, பட்டையின் உள்பக்கம் இருக்கும் புளோயம் குழாய் வழியாக வேருக்குப் போக வேண்டாமா? எங்கள் தெருப் புங்கமரத்தில் கேபிள் கம்பியை இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். கம்பி பட்டைக்குள் புதைந்து, அதற்கு மேலே தடியாக வீங்கிவிட்டது. சர்க்கரை அங்கேயே தேங்குகிறது, கீழே வேர் பட்டினி கிடக்கிறது.

கொளத்தூர் தோட்டம்: கேபிள் பஞ்சாயத்தை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடையாறு சார், துளி?

அடையாறுவாசி: சொன்னதையே எத்தனை முறை சொல்வது? வர்தா புயலில் மரங்கள் விழுந்தபோதும் நீங்கள் இப்படித்தான் ஒன்றையே பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.

கொளத்தூர் தோட்டம்: வர்தா இங்கே எதற்கு வந்தது? வேரைச் சுற்றி சிமெண்ட் போட்டதால்தான் விழுந்தன என்றேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

தாம்பரம் பசுமை: சிமெண்டைப் பேசலாம், கம்பியைப் பேசக் கூடாதா?

மயிலை மாமி: அடையாறு, புறணி என்று தெரியாமல்தானே செத்த செல் என்றீர்கள்?