ஆட்டிசம் தெரபி செலவுக்கு அரசு உதவி உண்டா? இருந்தால் ஏன் யாரும் சொல்வதில்லை?

தாமிரபரணிக்காரன்:
மகனுக்கு மூன்றரை வயது. ஆட்டிசம் என்று போன மாதம்தான் உறுதி செய்தார்கள். ஸ்பீச் தெரபி, ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளுக்கான பயிற்சி) எல்லாம் தனியாரிடம், பஸ் செலவையும் சேர்த்தால் சம்பளத்தில் பாதி காலி. அரசுத் திட்டம் ஏதாவது இருக்கிறதா? இன்னொரு ஆதங்கமும் உண்டு. ஒன்றரை வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான், "ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்" என்று வீட்டில் மட்டுமல்ல, தடுப்பூசி போடப் போன இடத்திலும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். போலியோ சொட்டு மருந்துக்கு ஆட்டோவில் மைக் கட்டித் தெருத்தெருவாகச் சொன்ன அரசு இதற்கு ஏன் செலவழிப்பதில்லை?

வடாற்காடு அம்மா:
தம்பி, முதலில் யுடிஐடி கார்டுக்கு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) விண்ணப்பியுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 குறைபாடுகளில் ஆட்டிசம் இருக்கிறது (கவனச்சிதறலும் மிகைத் துறுதுறுப்புமான ஏடிஎச்டி அந்தப் பட்டியலில் இல்லை, அந்தப் பெற்றோர் பாடு தனிக்கதை). அப்புறம் மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை (நேஷனல் டிரஸ்ட்) தரும் நிராமயா மருத்துவக் காப்பீடு. ஆண்டுக்கு 1 லட்சம் வரை, முன் மருத்துவப் பரிசோதனை கிடையாது, தெரபி செலவும் ஒரு வரம்பு வரை வரும். ஆனால் நாம் முதலில் கட்டிவிட்டுத்தான் திரும்ப வாங்க வேண்டும், அதனால் ஒவ்வொரு ரசீதையும் பத்திரமாக வையுங்கள். பழைய வருமான வரி முறையில் இருந்தால் மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்காக (1961 சட்டத்தில் 80டிடி பிரிவு) 75,000 கழிவு உண்டு, கடுமையான குறைபாடு என்றால் 1,25,000. பராமரிப்பு உதவித்தொகைக்குக் கலெக்டர் ஆபீஸில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

சுகாதாரத்துறை ஊழியர்:
உங்கள் கோபம் நியாயம்தான். எந்த மாதத்தில் தலை நிற்கும், எப்போது பேசும் என்பதெல்லாம் தாய் சேய் அட்டையிலேயே படத்தோடு இருக்கிறது. நாங்கள் தடுப்பூசிப் பக்கத்தை மட்டும் நிரப்புவோம், ஏனென்றால் மாதக் கூட்டத்தில் அந்தக் கணக்கைத்தான் கேட்பார்கள். 2013-இல் வந்த ஆர்பிஎஸ்கே என்ற குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டப்படி மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வந்து பார்க்க வேண்டும். அதில் வளர்ச்சித் தாமதமும் அடக்கம். ஆனால் ஒரே நாளில் அத்தனை பிள்ளைகளையும் பார்க்கும்போது எடை, பல், கண் என்று போய்விடும், ஒரு பிள்ளையோடு பத்து நிமிஷம் உட்கார்ந்து விளையாடிப் பார்க்க நேரம் ஏது?

சிறப்பாசிரியர்_மதுரை:
விளம்பரத்துக்குப் பணம் போடச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. கண்டுபிடித்து அனுப்புகிற பிள்ளையை யார் பார்ப்பது? மாவட்ட டிஇஐசி (குறைபாட்டைச் சிறுவயதிலேயே கண்டு சிகிச்சை தரும் அரசு மையம்) மையங்களில் பெரும்பாலும் ஒப்பந்த வேலைதான், அந்தச் சம்பளத்துக்கு வருகிற ஸ்பீச் தெரபிஸ்ட் நல்ல வேலை கிடைத்ததும் போய்விடுகிறார். முதலில் அந்தப் பணியிடங்களை நிரந்தரமாக்குங்கள், பிறகு மைக் கட்டலாம்.

தாமிரபரணிக்காரன்:
அக்கா, மிக்க நன்றி. டிஇஐசி என்று ஒன்று இருப்பதே இங்கேதான் தெரிகிறது. மதுரை சார், ஆள் இல்லை என்பது சரி. ஆனால் கூட்டமே வராத இடத்துக்குப் போஸ்டிங் போடச் சொல்லி எந்த எம்எல்ஏ கேட்பார்? தெரிந்து நாலு பேர் போய் வரிசையில் நின்றால்தானே ஆள் பற்றாக்குறை கணக்கிலாவது வரும்.

சுகாதாரத்துறை ஊழியர்:
அதற்கு ஒரு வழி, பெயர் சொன்னால் திரும்புகிறதா என்ற கேள்வியையும் மாதக் கூட்டக் கணக்கில் சேர்ப்பது. மைக் செலவுகூட வேண்டாம், எங்களுக்குப் பயிற்சியும் நேரமும் கொடுத்தால் போதும். டிஇஐசி பெரும்பாலும் மருத்துவக் கல்லூரி அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனை வளாகத்தில் இருக்கும். குழந்தைகள் ஓபியில் கேளுங்கள், தாய் சேய் அட்டையைக் கையோடு கொண்டு போங்கள்.